வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏஐ சொல்லும் கலோரி தப்பினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்ட நகரங்களில் இனிப்பு நீர்க்காரர் (நீரிழிவு உள்ளவர்) இல்லாத வீடு குறைவு. கிளினிக்கில் "சோற்றைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எவ்வளவு குறைப்பது என்று வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஏஐயைக் கேட்கிறோம். அது தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் தப்பாகத் தெரிந்தால் எங்கே பிசகியது என்று தேடிப் பிடிக்கத்தான் இந்தக் குறிப்பு.

உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். மாதச் சந்தா கட்டி வேறு செயலி வாங்கும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். எடையைத் தப்பாகக் கொடுத்தால் இலவசச் செயலியும் தப்பாகச் சொல்லும், சந்தாச் செயலியும் தப்பாகச் சொல்லும்.

வாங்க வேண்டிய ஒரே சாமான் சமையல் தராசு. 5 கிலோ தாங்குவதாக, ஒரு கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும்; இருபது முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். வந்தவுடன் வீட்டிலுள்ள சட்டி, குக்கர் பானை எல்லாவற்றையும் காலியாக நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கொதிக்கும் சட்டியிலிருந்து குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி நிறுக்கும் தொல்லை அதோடு ஒழியும்.

அறிகுறி: ஒரே சாப்பாட்டுக்கு நேற்று ஓர் எண், இன்று வேறு எண்

கேள்வியில் எடை இருந்ததா என்று முதலில் பாருங்கள். "ஒரு தட்டு சோறு, கோழிக்கறி, கீரை" என்று கேட்டால் தட்டின் அளவை அது ஒவ்வொரு தடவையும் தானாக ஊகிக்கும். காலையில் 450 என்று சொன்னது மாலையில் 700 என்று சொல்வது அதனால்தான். கேள்வியை இப்படி மாற்றுங்கள்:

"கீழே உள்ள சேர்மானங்களின் எடை கிராமில் உள்ளது, எல்லாம் சமைக்காத எடை. ஒவ்வொன்றுக்கும் 100 கிராமுக்கு எத்தனை கலோரி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று எடுத்தாய் என்பதை முதலில் அட்டவணையாகக் காட்டு. பிறகு பெருக்கிக் கூட்டு. நான் தராத எதையும் நீயாகச் சேர்க்காதே. எடை விடுபட்டிருந்தால் என்னிடம் கேள்."

அட்டவணை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த வரி உதைக்கிறது என்று கண்ணிலேயே தெரியும்.

எடை கொடுத்தும் மாறுகிறதா? அப்படியானால் 100 கிராமுக்கு அது எடுக்கும் மதிப்பு மாறுகிறது. அந்த மதிப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள். சமைத்த நம்மூர் பண்டங்களுக்கு மலேசிய சுகாதார அமைச்சின் மைஎஃப்சிடி உணவுத் தரவுத்தளம். பருப்பு, கீரை வகைக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை. "மைஎஃப்சிடியில் பார்த்துச் சொல்" என்று உத்தரவு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். தளத்தைத் திறக்காமலேயே, திறந்து பார்த்த தோரணையில் ஓர் எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. நீங்கள் ஒருமுறை பார்த்து உறுதிசெய்த மதிப்புகளைக் கைப்பேசிக் குறிப்பில் சேர்த்து வைத்து, கேட்கும்போதெல்லாம் கேள்வியோடு ஒட்டுங்கள். முப்பது சாமான் போதும். ஒரு வீட்டின் அன்றாடச் சமையல் அதற்கு மேல் போகாது.

அறிகுறி: கலோரி ஒன்று சொல்கிறது, சத்துகளைக் கூட்டினால் வேறொன்று வருகிறது

புரதம் கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. கருவி "புரதம் 20, மாவு 45, கொழுப்பு 18, மொத்தம் 350 கலோரி" என்றால் 80, 180, 162 என்று கூட்டிப் பாருங்கள்: 422 வருகிறது. பத்து விழுக்காடு முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். நார்ச்சத்துக் கணக்கால் அந்த அளவு வித்தியாசம் வரும். இது அதைவிட அதிகம். மொத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு "வரிவரியாகப் பெருக்கலைக் காட்டு" என்று கேளுங்கள். அப்போதும் இடித்தால் கூட்டலை அதனிடம் விடாதீர்கள். மதிப்புகளை எக்செல்லில் போட்டு நீங்களே கூட்டுங்கள்.

எண் நான்கு மடங்கு பெரிதாக இருந்தால் காரணம் வேறு: கிலோஜூலைக் கலோரியாகப் படித்திருக்கிறது. ஹைதராபாத் அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில்தான் தருகிறது. பச்சரிசி 100 கிராமுக்கு 1,491 என்று அதில் இருக்கும். 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி.

அறிகுறி: சோற்றின் எண் பாதியாக அல்லது மூன்று மடங்காக வருகிறது

இங்கே மூன்று காரணம்தான்.

முதலாவது, அரிசியா சோறா என்று கேள்வியில் இல்லை. 100 கிராம் அரிசி சுமார் 356 கலோரி. 100 கிராம் வெள்ளைச் சோறு சுமார் 130. தட்டில் 250 கிராம் சோறு இருந்தால் 325 கலோரி, மாவுச்சத்து 70 கிராம். அதையே கருவி அரிசி எடையாக எடுத்துக்கொண்டால் 890 என்று சொல்லிப் பயமுறுத்தும். "ரைஸ்" என்று மட்டும் எழுதினால் இந்தப் பிசகு வந்தே தீரும். தமிழிலேயே "வேகவைத்த சோறு" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, கப். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. அரிசி கிட்டத்தட்ட 150 கிராம் பிடிக்கும். கருவி நினைப்பதோ 240 மில்லி அமெரிக்கக் கப்பை. இரண்டு கப் போட்டேன் என்று நீங்கள் சொல்ல, உங்கள் 300 கிராம் அங்கே 380 ஆகிவிடும். கப் என்ற சொல்லையே கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். குழைவாக வடித்த சோறும் பொலபொலவென்று வடித்த சோறும் ஒரே எடையில் ஒரே கலோரி ஆகாது. துல்லியம் வேண்டுமென்றால் பானை மொத்தத்துக்கும் கணக்குப் போடுங்கள். 300 கிராம் அரிசி, சுமார் 1,070 கலோரி. வெந்தபின் பானையோடு நிறுத்து, பானை எடையைக் கழியுங்கள். 800 கிராம் வந்தால் உங்கள் வீட்டுச் சோறு 100 கிராமுக்கு 134. ஒருமுறை செய்தால் போதும், அதே அரிசி, அதே தண்ணீர் அளவு இருக்கும்வரை.

நெய்ச்சோறு, நாசி லெமாக், தேங்காய்ச் சோறு எதையும் இந்த எண்ணில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு அடுத்த தலைப்பு.

அறிகுறி: கறி, பிரட்டல், சம்பல் எல்லாம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வருகிறது

அதிகமாக வரும் கோளாறு இதுதான். மற்ற எல்லாவற்றையும்விட ஆளை ஏமாற்றுவதும் இதுதான். ஏனென்றால் வரும் எண் நமக்குப் பிடித்த எண்ணாக இருக்கும்.

முதல் சந்தேகம் எண்ணெய். செய்முறையில் எண்ணெய் அளவு இல்லாவிட்டால் கருவி பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளும். அது 14 கிராம், சுமார் 125 கலோரி. எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை மசாலா வதக்கும் வீட்டில் ஒரு மேசைக்கரண்டி எந்த மூலைக்கு? அளக்கும் வழி எளிது. பாக்கெட் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கும் போத்தலை, சமைக்குமுன் அப்படியே தராசில் வையுங்கள்: 742 கிராம். வதக்கி, நடுவில் "இன்னும் கொஞ்சம்" ஊற்றி, கடைசியில் தாளித்து முடித்ததும் திரும்ப வையுங்கள்: 662. சட்டிக்குள் போனது 80 கிராம், அதாவது 720 கலோரி. சமைப்பவர் கரண்டி பிடித்து அளக்க வேண்டியதில்லை, கைப்பழக்கத்தை மாற்றச் சொல்லிச் சண்டையும் வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம் தேங்காய்ப்பால். கருவி காட்டிய அட்டவணையில் தேங்காய்ப்பால் 100 கிராமுக்கு 20, 30 என்று இருந்தால் அது குடிப்பதற்கு விற்கும் நீர்த்த பானத்தை எடுத்திருக்கிறது. சமையலுக்கான பெட்டிச் சந்தான் (பெட்டியில் வரும் தேங்காய்ப்பால்) 200 கலோரியை ஒட்டி இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையே கொடுங்கள். சந்தையில் பிழிந்து வாங்கும் பாலுக்குப் பெட்டி இல்லையே என்றால், தண்ணீர் சேர்க்காத முதல் பால் பெட்டிச் சந்தானைவிடக் கொழுப்பு கூடியது என்று வைத்துக் கணக்கைக் கொஞ்சம் தூக்கியே போடுங்கள்.

மூன்றாவது, பங்கு பிரிப்பது. "ஆறு பேருக்கு" என்றால் அது சட்டியை ஆறாக வெட்டும். வீட்டில் அப்பா இரண்டு கரண்டி, பாட்டி அரைக் கரண்டி. ஆளைக் கொண்டு பிரிக்காமல் எடையைக் கொண்டு பிரியுங்கள்.

மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு சட்டி கோழிக்கறியில் பார்ப்போம். தோலுரித்த கறிவெட்டுக் கோழி ஒரு கிலோ. அதில் எலும்பு 350 கிராம், சதை 650, சுமார் 780 கலோரி. எண்ணெய் 80 கிராம், 720. சந்தான் ஒரு பெட்டி 200 மில்லி, 400. உருளைக்கிழங்கு 300 கிராம், 230. வெங்காயம், மசாலாத் தூள் சேர்த்து 180. மொத்தம் 2,310. வெந்தபின் சட்டி எடை கழித்து 1,800 கிராம்; எலும்பு போகத் தின்னக்கூடியது 1,450. ஆக 100 கிராமுக்கு 159. எலும்பில்லாமல் 200 கிராம் போட்டுக்கொண்டால் கிட்டத்தட்ட 320 கலோரி. எண்ணெயை ஒரு மேசைக்கரண்டியாக்கினால் அதே 200 கிராம் 240க்குக் கீழே இறங்கும். சந்தானையும் விட்டால் 180தான். தட்டில் இருப்பது என்னவோ அதே கறி.

சரிபார்த்தும் குறைவாகவே இருந்தால், பொரித்துச் சேர்த்த சாமானைப் பாருங்கள். கத்தரிக்காயைப் பொரித்துச் சம்பலில் போட்டிருந்தால் அது குடித்த எண்ணெய் தனிக்கணக்கு. பொரிக்குமுன் எண்ணெயை வாணலியோடு நிறுத்து, முடிந்து ஆறியபின் தூளை வடித்துவிட்டு மறுபடி நிறுங்கள். தெறித்து வீணானதும் இதில் சேரும்தான். குறைத்துக் காட்டுவதைவிட அது பரவாயில்லை. மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளி எடுத்திருந்தால், அள்ளியதை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புரதம் ஏகத்துக்கும் வருகிறது

கோழி, மீன் என்றால் எலும்பு, முள், தலை கழிக்கப்பட்டதா? ஒரு கிலோ கறிவெட்டுக் கோழியில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்று வைத்தால் பெரிதாகத் தப்பாது. சந்தேகமாக இருந்தால் சாப்பிட்டபின் தட்டுகளிலிருந்து எலும்பைச் சேர்த்து ஒருமுறை நிறுத்துவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

சாம்பார் என்றால் பருப்பை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். 200 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 43 கிராம்; சட்டியை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 7. "ஒரு கப் பருப்பு" என்று கேட்டால் கெட்டிப் பருப்பை நினைத்து அதைப்போல் இரண்டு மடங்கு சொல்லும்.

முருங்கைக்கீரை என்றால் ஒரே கேள்வி: பச்சைக் கீரையா பொடியா? பச்சைக் கீரையில் 100 கிராமுக்குப் புரதம் பத்து கிராமைத் தாண்டாது. உலர்த்திய பொடியில் இருபதைத் தாண்டும். இணையத்தில் பொடி விற்பவர்கள் எழுதியதே அதிகம் என்பதால் கருவியும் அந்தப் பக்கமே சாயும். "காம்பிலிருந்து உருவிய பச்சை இலை, 40 கிராம்" என்கிற அளவுக்கு விவரமாக எழுதினால்தான் அடங்கும்.

அறிகுறி: பண்டத்தையே வேறொன்றாக எடுத்துக்கொள்கிறது

அட்டவணையின் முதல் பத்தியைப் படித்தால் போதும், தெரிந்துவிடும். நம்மூரில் அடிக்கடி மாறுபவை:

ரொட்டி. சப்பாத்தி என்று எடுத்துக்கொண்டு 100 சொச்சம் சொல்லும். கடை ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி.

சம்பல். இலங்கைத் தேங்காய்ச் சம்பலாக்கிவிடும். "மிளகாய் அரைத்து எண்ணெயில் வதக்கிய மலேசிய சம்பல்" என்று எழுதுங்கள்.

நெத்திலி. பச்சை மீன் என்று நினைக்கும். நாம் போடுவது காய்ந்த, உப்பிட்ட ஈக்கான் பிலிஸ். எடைக்கு எடை புரதமும் அதிகம், உப்பு பல மடங்கு.

கீரை. வெறும் கீரை என்றால் மேல்நாட்டு ஸ்பினாச்சுதான் அதற்கு. பாயாமா, கங்கோங்கா, முருங்கையா என்று சொல்லுங்கள்.

இவற்றில் எதைச் சொல்லியும் புரியவில்லை என்றால் பெயரை விட்டுவிட்டுச் சேர்மானத்தைக் கொடுங்கள். பெயர் தெரியாத பண்டத்துக்கும் சேர்மானம் கணக்குப் போட முடியும்.

அறிகுறி: படம் எடுத்துக் கேட்டால் தாறுமாறாகச் சொல்கிறது

சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தபின் எடுத்த படத்தைக் கொண்டு எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிசையுமுன், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி, நேர் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒரு தேக்கரண்டி கிடக்கட்டும், அளவு பிடிபடும். தாப்பாவ் (கடையில் கட்டி வாங்கிய) பொட்டலமானால் முழுதாகப் பிரித்து எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் முட்டை அதற்குத் தெரியாது.

இத்தனை செய்தாலும் குழம்புக்குள் இருக்கும் எண்ணெய் படத்தில் விழாது. படத்தை "தட்டில் என்னென்ன இருக்கிறது" என்று பட்டியல் போட மட்டும் வைத்துக்கொண்டு எடையை நீங்கள் தட்டச்சு செய்வதே நல்லது.

பாக்கெட்டின் சத்து அட்டவணையைப் படமெடுத்துக் கொடுக்கும்போது வேறொரு கோளாறு வரும். அதில் 100 கிராமுக்கு ஒரு பத்தி, ஒரு ஹிடாஙானுக்கு (ஒரு தடவை பரிமாறும் அளவுக்கு) ஒரு பத்தி என்று இரண்டு இருக்கும். கருவி ஒன்றின் எண்ணை மற்றதன் எடையோடு பெருக்கிவிடும். எந்தப் பத்தி என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: சாப்பாடு அளவாகத்தான் இருக்கிறது, எடை குறையவில்லை

டீயைப் பாருங்கள். "டீ" என்று எழுதினால் கருவி இரண்டு கலோரி போடும். நாம் டீயில் ஊற்றும் டின் பால் பெரும்பாலும் பால் அல்ல, இனிப்புக் கிரீமர். இரண்டு மேசைக்கரண்டி 40 கிராம், சுமார் 130 கலோரி, அதில் 20 கிராமுக்கு மேல் சீனி. விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகுமுன் ஒன்று, பசியாற ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நாளைக்கு 390. மூன்று தட்டுச் சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வீட்டில் நான்காவது தட்டு இதுதான். அடுத்து பார்க்க வேண்டியது பிஸ்கட், முறுக்கு, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பலகாரம்.

அறிகுறி: உப்புக் கணக்கு வரவே இல்லை, அல்லது மிகக் குறைவு

கேட்காவிட்டால் பல கருவிகள் சோடியத்தைத் தருவதில்லை. கேட்டாலும் நீங்கள் சொல்லாத உப்பு அதற்குத் தெரியாது. உப்பு ஜாடியையும் எண்ணெய்ப் போத்தல் மாதிரியே முன்னும் பின்னும் நிறுங்கள். மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பில் சோடியம் 2,000 மில்லிகிராமுக்கு மேல். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுதுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 2,000க்குக் கீழ். கிச்சாப் (சோயா சாஸ்), பெலாச்சான் (இறால் விழுது), கருவாடு, பிலிஸ், ஊறுகாய் ஐந்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கவும்.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் குளுக்கோஸ் மீட்டர் ஒத்துப்போகவில்லை

முதலில் அலகைப் பாருங்கள். நம் மீட்டர் மில்லிமோல் காட்டும். கருவி அமெரிக்க மில்லிகிராமில் "140க்குக் கீழே இருக்கட்டும்" என்று சொல்லும். 18-ஆல் வகுத்தால் 7.8.

பிறகு நேரம்: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்ப்பதென்றால், அந்த இரண்டு மணி நேரம் முதல் கவளத்திலிருந்து. பிறகு கை: பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் எண் ஏறத்தான் செய்யும். பிறகு மாவுச்சத்துப் பட்டியல்: கறியில் இருந்த உருளைக்கிழங்கும் சாப்பாட்டோடு குடித்த டீயும் அதில் இருக்கிறதா?

இவ்வளவும் சரியாக இருந்து மீட்டர் மட்டும் ஏறி நின்றால் ஏஐயின் வேலை அங்கே முடிந்தது. அந்த எண்ணை வைத்து மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டக் குறைக்க வேண்டாம்.

4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் கைப்பேசியை எடுக்கவே வேண்டாம். விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

எப்போது டயட்டீஷியனிடம் போவது

இன்சுலின் போடுபவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், டயாலிசிஸ் செய்பவர், வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும்) மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி, எடை ஏறாத குழந்தை ஆகியோருக்கு மேலே சொன்ன எந்தக் கட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே போங்கள். சிறுநீரகக்காரருக்கு "கீரை நல்லது, பருப்பு நல்லது" என்று கருவி பொதுப்படையாகச் சொல்வது பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும். வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேகம் மாறும். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் உடல் எடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் டயட்டீஷியனுக்கும் முன்னால் டாக்டர்.

சுகாதாரக் கிளினிக் டாக்டரிடம் கேட்டால் டயட்டீஷியனைப் பார்க்கக் கடிதம் தருவார். போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை, அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக, கிராம் எடையோடு எழுதி எடுத்துப் போங்கள். மீட்டர் எண்களைச் சாப்பாட்டுக்கு முன், பின் என்று பிரித்து எழுதுங்கள். மாத்திரை அட்டைகளும் கிரீமர் டின் லேபிளின் படமும் கையில் இருக்கட்டும். ஏஐ போட்ட மொத்தக் கலோரியை அங்கே காட்ட வேண்டியதில்லை. சேர்மானங்களை நிறுத்து எழுதிய அட்டவணையைக் காட்டுங்கள். மாவுச்சத்தை 15 கிராம் ஒரு பங்கு என்று பிரித்து, உங்கள் தட்டுக்கு எத்தனை பங்கு என்று அவர் அதிலிருந்தே சொல்லிவிடுவார்.